டெபியன் டெவலப்பர் ஆக எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: இரண்டு வருடமாக டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு சின்ன பேக்கேஜை (மென்பொருள் தொகுப்பை) பராமரிக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஸ்பான்சர் (ஏற்றும் உரிமை உள்ள ஒரு டெவலப்பர்) பார்த்துத்தான் ஏற்றுகிறார். போன முறை சேஞ்ச்லாகில் (மாற்றங்களின் பதிவில்) ஒரு பிழை எண் விட்டுப்போனது. திருத்தி அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். நேராக டெவலப்பராகவே விண்ணப்பிக்கலாமா?

பதில் 1: முதலில் டெபியன் மெயின்டெய்னர் ஆகுங்கள். அனுமதி கிடைத்த பேக்கேஜை நீங்களே ஏற்றலாம். பரிந்துரைக்க உங்கள் ஸ்பான்சரையே கேளுங்கள், தயங்க வேண்டாம்.

பதில் 2: ஜிபிஜி சாவியை (டிஜிட்டல் கையொப்பம் இடும் உங்கள் சாவியை) இப்போதே கவனியுங்கள். எனக்கு அங்கேதான் இழுத்தது. ஒரு டெவலப்பரை நேரில் சந்தித்து, பாஸ்போர்ட்டைக் காட்டி, சாவியின் 40 இலக்க ஃபிங்கர்பிரின்ட்டை (அடையாளக் குறியை) ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்த்த பிறகே என் சாவிக்கு அவருடைய கையொப்பம் கிடைத்தது. அப்புறம் டெவலப்பராக விண்ணப்பிக்கும்போது டெபியனின் சமூக ஒப்பந்தம் (அதன் கொள்கை உறுதிமொழி), மென்பொருள் உரிமங்கள் பற்றிக் கேட்பார்கள். சொந்த வார்த்தையில் பதில் எழுதுங்கள்.

பதில் 3: மொழிபெயர்ப்பாளர்களும் டெவலப்பர் ஆகலாம். பேக்கேஜ் ஏற்றும் உரிமை இல்லாவிட்டாலும் டெபியன் தேர்தலில் ஓட்டு உண்டு.

கேட்டவர்: சரி, இன்றே ஸ்பான்சருக்கு எழுதுகிறேன்.