பெங்களூரில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் கிளாட் விண்ணப்பத்தில் கவனிக்க வேண்டியது

சட்டம் படிக்க விரும்பிய என் மகள் பிளஸ் டூ எழுதிய ஆண்டில் சென்னைச் சொந்தங்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "எத்தனை சதவீதம் வரும்?" அவர்கள் கேட்டது நியாயம். தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் ஐந்தாண்டுப் படிப்பில் சேர்க்கிறது. பெங்களூர் நாகரபாவியில் இருக்கும் தேசியச் சட்டப் பள்ளியில் நிலைமை வேறு. அங்கே சேர கிளாட் என்ற பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பொதுப் பிரிவினருக்கு பிளஸ் டூவில் 45 சதவீதம் இருந்தால் அந்தத் தேர்வை எழுதலாம்; அதற்குப் பிறகு அந்த மதிப்பெண்ணுக்கு வேலையே இல்லை. கிளாட் தரவரிசைதான் எல்லாம்.

இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. கேள்விகள் நீளமான பத்திகளை ஒட்டியே வருவதால், வேகமாகவும் கருத்தூன்றியும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள்தான் முன்னேறுகிறார்கள். என் மகளுக்குக் கைகொடுத்ததும் மனப்பாடம் அல்ல, நாள்தோறும் நாளிதழின் தலையங்கத்தை விடாமல் படித்த பழக்கம்தான். இருவர் ஒரே மதிப்பெண் பெற்றால் சட்டத் தர்க்கப் பகுதியில் யார் அதிகம் எடுத்தார்கள் என்று முதலில் பார்ப்பார்கள். ஆகவே அந்தப் பகுதிக்குக் கூடுதல் உழைப்புக் கொடுத்தாள்.

இனி நான் எழுத வந்த செய்தி. தேசியச் சட்டப் பள்ளியில் பொதுப் பிரிவு இடங்கள் அகில இந்திய அளவில் நூறாவது தரவரிசையை ஒட்டியே நிரம்பிவிடுகின்றன. ஆனால் கர்நாடக மாணவர்களுக்கென்று 25 சதவீத ஒதுக்கீடு உண்டு. அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "அது கன்னடப் பிள்ளைகளுக்கு, நமக்கு ஏது?" என்றார். பல தமிழ்க் குடும்பங்களில் இதே எண்ணம் இருப்பதைப் பார்த்து எனக்கு மனம் வலிக்கிறது. அங்கே தாய்மொழியை யாரும் கேட்பதில்லை. கர்நாடகத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளில் குறைந்தது பத்து ஆண்டுகள் படித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றாம் வகுப்பிலிருந்து இங்கேயே படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அது முழு உரிமை.

மகள் மூன்று பள்ளிகள் மாறியவள். ஒவ்வொரு பள்ளியிலும் படிப்புச் சான்றிதழ் வாங்க அலைந்தோம். ஒரு பள்ளி பழைய பதிவேட்டைத் தேடவே பல வாரம் எடுத்துக்கொண்டது. அந்த ஒதுக்கீட்டில்தான் அவளுக்கு இடம் கிடைத்தது. பிள்ளை இப்போது பதினொன்றாம் வகுப்பில் இருந்தால் இந்தக் கோடை விடுமுறையிலேயே சான்றிதழ்களை வாங்கி வையுங்கள். விண்ணப்பத்தில் கர்நாடகப் பிரிவைக் குறிக்கத் தயங்காதீர்கள்.