நாய்களின் இருமலும் மூச்சிரைப்பும்: வளர்ப்போரின் அனுபவங்கள்

திருச்சி, பொமேரேனியன் வளர்ப்பவர்:
எங்கள் பொமேரேனியனுக்கு இப்போது 11 வயது. அழைப்புமணி ஒலித்தாலோ, தெருநாயைக் கண்டு கழுத்துப்பட்டை இறுகப் பாய்ந்தாலோ, வாத்து கத்துவதைப் போன்ற வறட்டு இருமல் தொடங்கிவிடும். கழுத்தை நீட்டி, முன்கால்களை அகட்டி நின்று, இறுதியில் சிறிது வெள்ளை நுரையைக் கக்கிவிட்டு, ஒன்றுமே நடவாததுபோல் வாலை ஆட்டிக்கொண்டு வரும். தொண்டையில் எலும்பு மாட்டியிருக்கும் என்று அக்கம்பக்கத்தார் அனைவரும் ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள். மருத்துவரோ, கழுத்தின் வெளிப்புறத்தில் மூச்சுக்குழாயை இரு விரல்களால் மெல்ல அழுத்தினார். அதே இருமல் உடனே வந்தது. மூச்சுக்குழாயைத் திறந்து வைத்திருக்கும் குருத்தெலும்பு வளையங்கள் தளர்ந்து தட்டையாகிவிடுவதால் இது வருகிறது என்றும், சிறிய இன நாய்களில் இது பரவலானது என்றும் விளக்கினார். கழுத்துப் பகுதிக் குழாய் மூச்சை உள்ளிழுக்கும்போதும், மார்புப் பகுதிக் குழாய் வெளிவிடும்போதும் சுருங்கும் என்பதால், இரண்டு நிலைகளிலும் தனித்தனியே எக்ஸ்ரே எடுக்கச் செய்தார்.

மருந்துகளைவிட எங்களுக்கு அதிகம் உதவியவை மூன்று சிறிய மாற்றங்கள். கழுத்துப்பட்டையை நீக்கிவிட்டு மார்பைச் சுற்றி அணியும் ஹார்னஸுக்கு மாறினோம், எடையைக் குறைத்தோம், கொசுவர்த்தியையும் ஊதுபத்தியையும் அது படுக்கும் அறையிலிருந்து அகற்றினோம். மூன்றில் எடைக் குறைப்புதான் கடினம், ஏனெனில் பிஸ்கட் கொடுக்கும் பாட்டியை யாராலும் தடுக்க முடியாது.

கோவை, லாப்ரடார் வளர்ப்பவர்:
எங்கள் அனுபவத்தில் இருமலைவிடக் குரல்தான் முதலில் மாறியது. வயது முதிர்ந்த லாப்ரடாரின் குரைப்பு கம்மிப்போனதை முதுமை என்றே எண்ணியிருந்தோம். பிறகு, நடைக்குச் சென்று திரும்பும்போது மூச்சை இழுக்கையில் மட்டும் கரகரவென்று ஓர் ஒலி எழுந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. மூச்சை இழுக்கும்போது விலகி வழிவிட வேண்டிய குரல்வளை மடிப்புகள் செயலிழந்து, பாதையை அடைத்தபடியே நின்றுவிடும் குரல்வளை வாதம் இது. பெரிய இனங்களின் முதுமையில் வரும் இந்நோயோடு பின்னங்கால் தளர்ச்சியும் சேர்ந்து வருவதுண்டு என்று கேட்டபோதுதான், அது படியேறத் தயங்கியதற்கும் காரணம் புரிந்தது. மடிப்பின் ஒரு பக்கத்தை விலக்கித் தைக்கும் அறுவை சிகிச்சை மூச்சை எளிதாக்கும். ஆனால் அதன்பின் உணவுத்துணுக்கு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரும் வாய்ப்பு கூடும் என்பதையும் மருத்துவர் மறைக்கவில்லை. கோடையில் வெயில் ஏறுமுன்பே நடையை முடித்துவிடுகிறோம். நாய்க்கு உடற்சூட்டைத் தணிக்கும் முதன்மையான வழி மூச்சிரைப்புதான். அந்த வழியே அடைபட்டிருக்கையில் வெயில் உயிரைப் பறித்துவிடும்.

மதுரை, பக் வளர்ப்பவர்:
வெயில் பற்றி மேலே எழுதியது தட்டை முகங்கொண்ட பக் இனத்திற்கு இன்னும் பொருந்தும். இவற்றுக்கு மூக்குத்துளைகள் குறுகியும், மேல்வாயின் பின்புறத்து மென்தசையான மென்னண்ணம் நீண்டும் இருப்பதால், தூக்கத்தில் விடும் குறட்டை வேடிக்கையன்று. பாதை அடைபட்டிருப்பதன் அடையாளம். நீண்ட முகங்கொண்ட சிப்பிப்பாறைக்கும் ராஜபாளையத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை. நாம் விரும்பி வாங்கிய முகவடிவத்திற்கு நாய்தான் விலை கொடுக்கிறது.

சென்னை, முதிய ஸ்பிட்ஸ் வளர்ப்பவர்:
திருச்சி நண்பர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சிறிய இன முதிய நாய்களில் இதய வால்வு பழுதடைந்தாலும் இருமல் வரும். எங்கள் ஸ்பிட்ஸுக்கு அதுவே நேர்ந்தது. பகலில் நன்றாக விளையாடிவிட்டு, இரவில் படுத்தால் மூச்சு முட்டி எழுந்து, முழங்கைகளை விலக்கி உட்கார்ந்தே இருக்கும். நுரையீரலில் நீர் கோத்திருந்ததை எக்ஸ்ரே காட்டியது. சிறுநீரை அதிகரிக்கும் மருந்து கொடுத்த பிறகே அது மறுபடி படுத்து உறங்கியது. அன்றிலிருந்து, அது ஆழ்ந்து உறங்கும்போது மார்பு உயர்ந்து தாழ்வதை ஒரு மூச்சாகக் கொண்டு ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வைக்கிறோம். 30க்குள் இருந்தால் கவலையில்லை. அதைத் தாண்டியே நீடித்தால் மருத்துவரை அழைக்கிறோம். நாக்கோ ஈறோ நீலம் பாய்ந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே தூக்கிச் செல்ல வேண்டும். மருத்துவமனையில் நாய் இருமாமல் சமர்த்தாக நிற்கக்கூடும் என்பதால், வீட்டில் இருமும்போதே கைபேசியில் காணொளி எடுத்துச் செல்லுங்கள்.