‘சாகா’ 10ஆம் தொகுதி: ஹட்டன் பகுதியில் பெற வழியுண்டா?

வணக்கம். பிரையன் கே. வான் எழுத, ஃபியோனா ஸ்டேப்பிள்ஸ் வரையும் ‘சாகா’ என்ற அறிவியல் புனைவுச் சித்திரக்கதையின் 10ஆம் தொகுதியைத் தேடி அலுத்துவிட்டேன். ஒரு கோளும் அதன் நிலவும் ஓயாமல் போரிட, எதிரெதிர்ப் படைகளில் இருந்த அலானாவும் மார்கோவும் காதலித்துக் கைக்குழந்தையோடு தப்பியோடும் கதை அது. அந்த மகள் ஹேசல் பின்னாளில் சொல்லும் வரிகள், கட்டங்களுக்குள் அடைபடாமல் ஓவியத்தின் மீதே கையெழுத்தாக ஓடுகின்றன. கைத்தொலைபேசியில் பக்கத்தை முழுதாகப் பார்த்தால் அவ்வெழுத்துகள் தெரிவதில்லை. பெரிதாக்கினாலோ ஓவியம் துண்டாகிவிடுகிறது. ஆகவே அச்சுப் பிரதியே வேண்டும்.

2018இல் 54ஆம் இதழோடு நின்ற தொடர் 2022 ஜனவரியில்தான் மீண்டும் தொடங்கியது. 9ஆம் தொகுதியின் கடைசிப் பக்கத்தை வாசித்த எவராலும் அத்துடன் விட்டுவிட முடியாது. நான் தேடுவது 55 முதல் 60 வரையான இதழ்கள் அடங்கிய ஆங்கில மென்னட்டைப் பதிப்பு.

நான் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் நான் ஏறி இறங்கிய கடைகளில் பாடநூல்களும் பரீட்சை வழிகாட்டிகளுமே இருந்தன. கண்டியில் முதல் தொகுதி மட்டும் கிடைத்தது. பொங்கலுக்குப் பின் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பொதி, எங்கள் லயன் வீட்டுக்குத் தனி இலக்கம் இல்லாததால் என் கைக்கு வராமலே திரும்பிப் போய்விட்டது. கொழும்புக் கடையொன்று எல்லாத் தொகுதிகளையும் சேர்த்து வாங்கினால்தான் தருவதாகச் சொல்கிறது. அதற்கு என்னிடம் வசதியில்லை.

இத்தொகுதியைத் தனியாக விற்று, ஹட்டன் நகரில் நான் நேரில் பெற்றுக்கொள்ளும்படி அனுப்பிவைக்கும் கடை எதையேனும் அறிவீர்களா?