அலாய் வீலுக்கு மேட் கருப்பா, சாட்டினா? கிளியர் எதை அடிப்பது?

சக்கரம்17:
17 இன்ச் அலாய், நாலு. கம்பெனி சில்வர். இரண்டு வீலில் விளிம்பு கல்லில் உரசிப் பிசிறு பிசிறாக இருக்கிறது. இன்னொன்றில் கிளியருக்கு (நிறமில்லாத மேல்பூச்சு) அடியில் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள். டயரைக் கழற்றாமல் ஸ்ப்ரே கேனிலேயே முடிக்கலாம் என்று இருக்கிறேன். ஆசை மினுக்கமே இல்லாத மேட் கருப்பின் மேல். பிரேக் சூட்டுக்கு ஹை டெம்பரேச்சர் பெயிண்ட்தான் அடிக்கணுமா? கிளியர் 1கே (ஹார்டனர் சேராதது) போதுமா, 2கே (இறுக வைக்கும் ஹார்டனர் சேர்ந்தது) வேண்டுமா? மொத்தம் எத்தனை கேன் ஆகும்?

ஸ்ப்ரேகன்:
ஹை டெம்ப் வேண்டாம், அது பிரேக் காலிபருக்கும் சைலன்ஸருக்கும். அந்த வகைப் பெயிண்ட் பலதும் நன்றாகச் சூடேறினால்தான் முழுசாக இறுகும். வீல் அந்த அளவு சூடாவதில்லை. கடைசியில் பெட்ரோல் துணி பட்டாலே கையோடு வரும்.

மேட் பார்க்க அழகுதான், வைத்துக் காப்பாற்றுவதுதான் பாடு. பாலிஷ் போட முடியாது. கீறல் விழுந்த இடத்தைத் தேய்த்தால் அங்கே மட்டும் மினுங்கும், அப்புறம் முழு வீலையும் திரும்ப அடிக்க வேண்டியதுதான். மேல்பரப்பு சொரசொரப்பு என்பதால் பிரேக் தூசியும் அப்பிக்கொள்ளும். மேட் கிளியரில் கனம் ஒரே சீராக விழாவிட்டால் ஸ்போக் மூலைகள் ஒரு மாதிரி, முகப்பு ஒரு மாதிரி இருக்கும். மினுங்கும் கிளாஸ் பூச்சில் தூசி உட்கார்ந்தால் இறுகிய பிறகு 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டு பாலிஷ் பண்ணிக்கலாம், மேட்டில் அந்த வழியே கிடையாது. என் ஓட்டு சாட்டினுக்கு, அதாவது மேட்டுக்கும் கிளாஸுக்கும் நடுவான மினுக்கம். பாலிஷ் அதற்கும் ஆகாது, ஆனால் துடைப்பது சுலபம்.

கிளியர் 2கேதான். 1கே வெறுமனே காய்கிறது. பிரேக் ஆயிலோ கடுமையான வீல் கிளீனரோ பட்டால் இளகிவிடும். ஆனால் 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, தூசி மாஸ்க் எதற்கும் உதவாது. துகள் ஃபில்டரும் சேர்ந்த ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் மாஸ்க், கையுறை, கண்ணாடி, திறந்த வெளி. இதற்கு வசதியில்லை என்றால் 2கேயைத் தொடாதீர்கள். ஹார்டனரைக் கலக்க கேனின் அடியில் உள்ள பின்னை அழுத்திய பிறகு கேன் ஓரிரு நாள்தான் தாங்கும், அதனால் நாலு வீலுக்கும் ஒரே நாளில் கிளியர் அடிக்கிற மாதிரி திட்டமிடுங்கள்.

400 மி.லி. கணக்கில் பிரைமர் 2, கலர் 3, கிளியர் 3 வாங்கினால் பாதியில் நிற்காது.

டார்க்ரெஞ்ச்:
கலருக்கு முன்னால் தேய்ப்பைப் பாருங்கள். அந்த வெள்ளைக் கோடு அலுமினிய அரிப்பு, கிளியருக்கு அடியில் ஈரம் புகுந்து வருவது. மேலே பிரைமர் அடித்து மூடினால் உள்ளேயே ஊர்ந்து, பெயிண்ட்டைத் தூக்கிவிடும். கோடு முடிகிற இடத்தைத் தாண்டியும் பளிச்சென்ற உலோகம் தெரியும்வரை தேய்க்கணும்.

முதலில் கழுவி, கிரீஸ் ரிமூவர் போட்டுத் துடைத்த பிறகுதான் பேப்பரைத் தொடணும். டயர் பாலிஷில் இருக்கும் சிலிக்கானைத் தேய்த்து உள்ளே தள்ளிவிட்டால், பெயிண்ட் அங்கங்கே குழி குழியாக விலகும். உரசிய விளிம்புக்கு 80, 180, 320 நம்பர் பேப்பர் வரிசையாக. மற்ற இடமெல்லாம் 400 வாட்டர் பேப்பர், மூலைகளுக்கு ஸ்கஃப் பேட் (பாத்திரம் தேய்க்கும் நார் போன்றது). பழைய பெயிண்ட்டின் ஓரம் நகத்தில் தட்டினால் கருப்பு அடித்த பிறகும் தெரியும்.

பட்டி நேரே தேய்த்த உலோகத்தின் மேல் வைக்கணும், எட்ச் பிரைமருக்கு (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) மேலே வேண்டாம், பிடிக்காது. விரிசல், வளைவு இருந்தால் பட்டி பார்த்து மறைக்காதீர்கள், அந்த வீலே ஓட்டத்துக்கு ஆகாது.

டயரோடு அடிப்பதென்றால் காற்றை இறக்கி, ரிம்முக்கும் டயருக்கும் நடுவே சீட்டுக்கட்டு அட்டையை வட்டமாகச் செருகுங்கள். டேப்பை விட இதில் ஓரம் சுத்தமாக வரும். நட் உட்காரும் சரிவிலும் ஹப்போடு ஒட்டும் பின்முகத்திலும் பெயிண்ட் படவே கூடாது. அங்கே இருக்கும் பெயிண்ட் ஓட்டத்தில் நசுங்கும், நட் தளரும்.

சக்கரம்17:
பழைய சில்வர் கெட்டியாக இருக்கும் இடத்திலும் எட்ச் பிரைமர் வேண்டுமா? கலருக்கும் கிளியருக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடணும்?

ஸ்ப்ரேகன்:
எட்ச் உலோகம் தெரியும் இடத்துக்கு மட்டும், அதுவும் மெல்லிசாக ஒரு கோட். அதன்மேல் எபாக்ஸி பிரைமர் போடாதீர்கள், சாதாரண ஃபில்லர் பிரைமர் போதும். காய்ந்ததும் 600 வாட்டர் பேப்பர்.

கலர் 20-25 செ.மீ. தூரத்திலிருந்து. நட் குழிகள், ஸ்போக் பக்கவாட்டு முதலில், முகப்பு கடைசியில். மாற்றி அடித்தால் முகப்பில் காய்ந்த தூள் படியும். இரண்டு மூன்று மெல்லிய கோட், நடுவே 10-15 நிமிடம். முதல் கோட்டிலேயே மூட நினைத்தால் வடியும். கலர் மங்கி, ஒரே சீராகக் காய்ந்து தெரிந்ததும் கிளியர். பொதுவாக அரை மணி போதும், கேனில் வேறு நேரம் போட்டிருந்தால் அதுதான் கணக்கு. மழை ஈரத்தில் கிளியர் அடிக்காதீர்கள், பால் போல வெளுக்கும்.

டார்க்ரெஞ்ச்:
மாட்டுவதற்கு ஒரு நாளாவது விடுங்கள். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்து நட்டை இறுக்கி, 50-100 கி.மீ. ஓடியதும் மறுபடி பாருங்கள். வீல் கிளீனர் ஒரு மாதத்துக்கு வேண்டாம், ஷாம்பூ தண்ணீர் போதும். ஒட்டு வெயிட்டுகளைப் பிய்த்திருந்தால் பேலன்ஸிங் போட்டுவிட்டே ஓட்டுங்கள்.