தறிக்குடோனில் டெசிபல் மீட்டர் ‘ஓவர்’ காட்டுகிறது, வீட்டில் 87.6-ஐ விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

தறிவீட்டுப் பையன் (சோமனூர் பக்கம்)

வணக்கம். அப்பா முப்பது வருடத்துக்கு மேல் விசைத்தறி ஓட்டுகிறார். கொஞ்ச நாளாகப் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை, டிவி சத்தம் வீதி முனை வரை கேட்கிறது, ராத்திரி படுத்தால் காதுக்குள் வண்டு குடைகிற மாதிரி இருக்கிறது என்கிறார். குடோனில் சத்தம் எவ்வளவு என்று எண்ணாகக் கையில் இருந்தால் அவரிடமும் குடோன்காரரிடமும் பேச வசதியாக இருக்குமே என்று கையடக்க டெசிபல் மீட்டர் ஒன்று வாங்கினேன். விலை குறைந்த வகைதான், 9 வோல்ட் பேட்டரி, தலையில் கறுப்புப் பஞ்சு உருண்டை.

பிரச்சினை இதுதான். வீட்டில் வைத்துப் பார்த்தால் 87.6 என்று காட்டிவிட்டு அப்படியே நிற்கிறது, ஃபேனை நிறுத்தினாலும் இறங்கவில்லை. குடோனுக்குள் கொண்டு போனால் ‘ஓவர்’ என்று எழுத்து வருகிறது. அதே இடத்தில் போனில் உள்ள செயலி 84 காட்டுகிறது. எதை நம்புவது? பக்கவாட்டில் சின்ன ஓட்டைக்குள் ஒரு ஸ்க்ரூ இருந்தது, சரியாகுமா என்று அதையும் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். மீட்டரே பழுதா, திருப்பி அனுப்பிவிடவா?

மைக்செட் மதுரை

தம்பி, அனுப்பாதீங்க, மீட்டர் நல்லாத்தான் இருக்கும்னு தோணுது. திரையை நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. ‘மேக்ஸ்’னு எழுத்து ஏதாவது எரியுதா? ரேஞ்ச் பட்டன் எதில் இருக்கு? ஏ, சி-ன்னு ரெண்டு இருக்குமே, அதில் எது? ஃபாஸ்ட்டா ஸ்லோவா? அப்புறம் அந்த ஸ்க்ரூவை இனிமேல் தொடாதீங்க.

தறிவீட்டுப் பையன்

அண்ணா, ஆமாம், மூலையில் சின்னதாக ‘மேக்ஸ்’ இருக்கிறது, இத்தனை நாள் கவனிக்கவே இல்லை. ரேஞ்ச் ‘லோ’, 35 முதல் 100 வரை என்று போட்டிருக்கிறது. இன்னொன்று ‘ஹை’, 65 முதல் 130. இப்போது இருப்பது சி, ஃபாஸ்ட்.

மைக்செட் மதுரை

அப்ப முக்கால்வாசி தீர்ந்தது. மேக்ஸ் அமுக்கினால் அதுவரை வந்த பெரிய சத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கும். கதவு அடித்ததோ, நீங்களே கை தட்டிப் பார்த்ததோ, அதுதான் 87.6. இன்னொரு தடவை அமுக்கினால் விட்டுவிடும். ‘ஓவர்’ என்றால் அந்த ரேஞ்சுக்கு மேல் சத்தம் போய்விட்டது என்று அர்த்தம். ‘ஹை’க்கு மாற்றுங்க. ‘ஓவர்’ எரியும்போது கூடவே ஏதாவது எண் வந்தாலும் அதைக் கணக்கில் எடுக்காதீங்க.

ஆலைப் பாதுகாப்பு (கோவை)

நூற்பாலையில் பாதுகாப்பு அலுவலராக நீண்ட நாள் இருந்தவன். மைக்செட் நண்பர் சொன்னது அத்தனையும் சரி. எனக்குக் கவலை அந்த ஸ்க்ரூதான். அது அளவு திருத்துகிற ஸ்க்ரூ. கால் சுற்று திருப்பினாலும் எல்லா எண்ணும் ஒரே அளவுக்கு ஏறியோ இறங்கியோ போய்விடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைச் சரிசெய்யக் கலிபரேட்டர் வேண்டும். கைக்குள் அடங்குகிற உருளை, மைக்கை அதன் துளைக்குள் செருகினால் 1000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபல் சத்தம் தரும், அதாவது ஒரு பாஸ்கல் அழுத்தம். மீட்டர் 94.0 காட்டும்வரை ஸ்க்ரூவைத் திருப்பினால் வேலை முடிந்தது. இதற்காக வாங்க வேண்டியதில்லை, பெரும்பாலும் மீட்டரைவிட விலை அதிகம். பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் சுற்றுச்சூழல் ஆய்வகம் இருந்தால் கேட்டுப் பாருங்கள், இல்லை என்றால் கோவையில் அளவுத்திருத்தக் கூடங்கள் இருக்கின்றன. அதற்கு முன் புதுப் பேட்டரி போட்டுவிடுங்கள், பேட்டரி இறங்கினால் எண்ணும் நழுவும்.

போன் செயலி 84 காட்டியது பற்றி. போனின் மைக் பேச்சுக்காகச் செய்தது. பெரிய சத்தம் வந்தால் அதுவே குறைத்துக்கொள்ளும், அல்லது ஓர் அளவுக்கு மேல் வெட்டிவிடும். தறிக்குடோன் மாதிரி இடத்தில் அது பெரும்பாலும் குறைத்தே சொல்லும், ‘84தானே’ என்று இருந்துவிடுவது ஆபத்து.

இனி அளக்கும் முறை. ஏ-க்கு மாற்றுங்கள். மனிதக் காது தாழ்ந்த சுருதி ஒலியை மந்தமாகத்தான் கேட்கும், ஏ அதற்கேற்பக் கழித்துக்கொள்கிறது, 100 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 19 டெசிபல் கழியும். சி கிட்டத்தட்ட கழிப்பதே இல்லை. எத்தனை மணி நேரம் எவ்வளவு சத்தத்தில் இருக்கலாம் என்கிற வரம்புகள் ஏ-யில்தான் சொல்லப்படுகின்றன. ஒரே இடத்தில் இரண்டையும் பார்த்துக் குறித்துக்கொண்டால் ஒரு லாபம் உண்டு: சி மிக அதிகமாகவும் ஏ குறைவாகவும் இருந்தால் அது ஜெனரேட்டர் மாதிரி உறுமல், இரண்டும் ஒட்டி நின்றால் கூர்மையான சத்தம். நாடா (ஊடைநூலைக் கொண்டு ஓடுகிற கட்டை) அடிக்கிற தறியில் பெரும்பாலும் ஒட்டித்தான் நிற்கும்.

ஸ்லோவில் வையுங்கள். ஃபாஸ்ட் என்றால் எட்டில் ஒரு விநாடிக்குள் எண் துள்ளும், நாடா அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஆடி உங்களைப் படிக்கவே விடாது. ஸ்லோ ஏறக்குறைய ஒரு விநாடிச் சத்தத்தைச் சமன்செய்து நிதானமாகக் காட்டும். அப்பா வழக்கமாக நிற்கும் இடத்தில், அவர் காதுக்கு ஒரு சாண் தள்ளி, கையை நன்றாக நீட்டிப் பிடியுங்கள். மீட்டரை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் உங்கள் உடம்பில் பட்டுத் திரும்புகிற சத்தமும் சேரும். தறி மேல் வைக்கவே வைக்காதீர்கள், அதிர்வு மைக்கில் ஏறும். பஞ்சு உருண்டையைக் கழற்ற வேண்டாம், காற்றையும் தடுக்கும், குடோனில் பறக்கிற பஞ்சுத் தூசு மைக்கில் படியாமலும் காக்கும். 15 விநாடிக்கு ஒரு தடவை என்று ஐந்து நிமிடம் எழுதுங்கள். எண்கள் மூன்று நான்கு டெசிபலுக்குள் இருந்தால் சராசரி போடலாம். அதற்கு மேல் விரிந்தால் சாதாரணச் சராசரி பொய் சொல்லும்: பாதி நேரம் 80, பாதி நேரம் 60 என்றால் சராசரி 70 இல்லை, ஏறக்குறைய 77.

கரண்டு போகும்போது ஒரு தடவை அளந்துவிடுங்கள். அதுதான் தறி இல்லாத வெறும் சூழல் சத்தம். அதைவிடத் தறிச் சத்தம் 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் சூழலைக் கழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

தறிவீட்டுப் பையன்

ஐயா, ரொம்ப நன்றி. தெரிந்தவர் மூலம் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கலிபரேட்டர் கிடைத்தது. 94 வர வேண்டிய இடத்தில் 90.8 காட்டியது, 3.2 குறைவு! சரிசெய்துகொண்டு நேற்று போய் அளந்தேன். அப்பா நிற்கும் இடத்தில் ஏ, ஸ்லோ: 99 முதல் 101 வரை. சி வைத்தால் ஒன்றரைதான் கூடுகிறது. வாசல் பக்கம் 94. கரண்டு போனபோது 52, அதுவும் ரோட்டுச் சத்தம்.

குடோன்காரரிடம் காட்டினேன். அவர் 16 தறியில் அந்தப் பக்கத்து எட்டை நிறுத்திக் காட்டச் சொன்னார். 100 என்பது 98.5-க்குத்தான் இறங்கியது. ‘பாதித் தறி நின்னாச்சு, பாதியாவது குறைய வேண்டாமா, பொம்மை மீட்டர்’ என்று சொல்லிவிட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை.

ஆலைப் பாதுகாப்பு (கோவை)

அவர் கேட்டது நியாயமான கேள்விதான், பதில் டெசிபல் கணக்கில் இருக்கிறது. அது கூட்டிக் கழிக்கிற எண் இல்லை. ஒரே மாதிரி சத்தம் போடுகிற இரண்டில் ஒன்றை நிறுத்தினால் குறைவது 3 டெசிபல்தான். நிறுத்தியது தள்ளி இருந்த தறிகள், அப்பாவுக்குப் பக்கத்துத் தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன, அதனால் அந்த 3 கூட வரவில்லை. மீட்டர் சரியாகவே சொல்லியிருக்கிறது. வாசலுக்குப் போயும் 94 இருப்பதற்குக் காரணம் கூரைத் தகடும் சுவரும். திறந்த வெளியில் ஒரு ஜெனரேட்டரிலிருந்து தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், மூடிய குடோனில் சத்தம் சுற்றிச் சுற்றி வரும்.

இப்போது 100-இன் அர்த்தம். நம் தொழிற்சாலை விதிகளில் நெடுங்காலமாக இருக்கிற அளவு எட்டு மணி நேரத்துக்கு 90, அந்த அட்டவணைப்படி 100-இல் இரண்டு மணி நேரம். அமெரிக்காவின் நியோஷ் என்கிற தொழிலாளர் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை இன்னும் கண்டிப்பு: எட்டு மணி நேரத்துக்கு 85, ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு நாலு மணி, 91-க்கு இரண்டு, 94-க்கு ஒன்று, 97-க்கு அரை மணி, 100-க்கு 15 நிமிடம். உங்கள் அப்பாவுக்கு ஷிப்ட் எத்தனை மணி நேரம்?

தறிவீட்டுப் பையன்

பன்னிரண்டு. காதில் வேஸ்ட் பஞ்சு வைத்துக்கொள்வார். இயர்ப்ளக் வாங்கித் தருகிறேன் என்றால், ‘சத்தம் கேக்காம தறி ஓட்ட முடியாதுடா, நூல் அறுந்தா, நாடா சிக்குனா காதுலதான் தெரியும்’ என்கிறார்.

செவிப் பரிசோதகர் (சேலம்)

வேலை காரணமாக இந்த உரையாடல் கண்ணில் பட்டது. வெறும் பஞ்சு ஏறக்குறைய ஒன்றுமே தடுக்காது. நுரை இயர்ப்ளக் தறிச் சத்தத்தை அழிக்காது, குறைக்கத்தான் செய்யும், நாடா அடியின் தாளம் மாறினால் காதுக்குப் பிடிபடும். பழகச் சில நாள் ஆகும், ஆரம்பத்தில் பக்கத்துத் தறிக்காரரையும் ஒரு கண் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாக்கெட்டில் என்.ஆர்.ஆர். (எவ்வளவு சத்தம் குறைக்கும் என்கிற அளவு) 25 என்று போட்டிருந்தால் 25 முழுதாகக் கிடைக்காது. அதில் 7 கழித்துப் பாதியாக்கிக்கொள்ளுங்கள், 9 வரும். ஆக 100 என்பது 91. பன்னிரண்டு மணி நேரத்துக்கு அது போதாது, மேலே காது மூடியும் போட்டால் இன்னும் ஒரு 5 குறையும். வெயில் காலத்தில் குடோனில் மூடி போடுவது கஷ்டம் என்று தெரியும், ஷிப்டில் பாதி நேரமாவது போடட்டும். பிளக்கை விரலில் மெல்லிய திரி மாதிரி உருட்டி, எதிர்க் கையால் காதை மேலே இழுத்துச் செருகி, அது உப்பி நிறையும்வரை அரை நிமிடம் விரலால் பிடிக்க வேண்டும். இதைச் செய்யாததால்தான் பாதிப் பேருக்கு ‘ஒன்றும் குறையவில்லை’.

அப்பாவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போய் ஆடியோகிராம் (செவித்திறன் பரிசோதனை) எடுங்கள். சத்தத்தால் வரும் பாதிப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம்தான் முதலில் பள்ளமாகத் தெரியும், அதனால்தான் குரல் கேட்கிறது, ‘ச’வும் ‘ஸ’வும் நழுவி வார்த்தை புரிவதில்லை. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம். போவதற்கு முந்தைய ஷிப்டைத் தவிர்க்கச் சொல்லுங்கள், அப்போதுதான் அளவு சரியாக வரும்.

தறிவீட்டுப் பையன்

திங்கள்கிழமை போகிறோம், ஞாயிறு அவருக்கு லீவுதான். 3 டெசிபல் கணக்கைக் குடோன்காரரிடம் சொன்னேன், இரண்டு தறியைப் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி ஒன்றை நிறுத்திக் காட்டினேன், 2.8 இறங்கியது. கொஞ்ச நேரம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு டப்பா இயர்ப்ளக் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா இன்று காலையில் ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு போனார், மதியச் சோற்றுக்கு வந்தபோது இரண்டு காதிலும் இருந்தது.

மைக்செட் மதுரை

சந்தோசம் தம்பி. மீட்டரை உள்ளே வைக்கும்போது பேட்டரியைக் கழற்றிடுங்க, ஒழுகினா முனை அரிச்சுடும்.