கார் வைத்திருப்பவர்கள் கதை: பாலிஷ், வேக்ஸ் அனுபவங்கள்

வேளச்சேரி கறுப்பு:

கறுப்பு கார் வேண்டாம் என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். வெயிலைக் காட்டிச் சொன்னார்கள், சனீஸ்வரனைக் காட்டிச் சொன்னார்கள். துணியைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எங்கள் குடியிருப்பில் காலை ஐந்தரைக்கு ஓர் அண்ணன் வந்து பதினெட்டு கார் துடைப்பார். காருக்கு மாதம் 600 ரூபாய். ஒரு வாளி, ஒரு துணி. துணி என்றால் திருப்பூர் பனியன் வேஸ்ட், தையல் மடிப்போடு இருக்குமே அது. என் கார் வரிசையில் ஏழாவது. முதல் ஆறு கார்களின் மண்ணும் வாளியில் ஊறிக் குழம்பான பிறகுதான் அவர் என்னிடம் வருவார்.

ஒன்றரை வருடம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் ராத்திரி பெட்ரோல் பங்கில் நின்றபோது எல்இடி விளக்கு பானெட்டில் விழுந்தது. விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள். எவர்சில்வர் டம்ளரைக் கம்பி நார் போட்டுத் தேய்த்தால் வருமே, அப்படி.

பக்கத்துத் தெரு வாட்டர் வாஷ் கடையில் கேட்டேன். "பாலிஷ் போட்டா புதுசா ஆயிடும் சார், 1,800 ரூபாய்." நல்ல மத்தியான வெயிலில், கம்பளிப் பேட் மாட்டிய மெஷினை வைத்து ஒன்றரை மணி நேரம் சுற்றினார்கள். என் முகத்தில் ஷேவிங்கில் விட்ட இடம்கூட பானெட்டில் தெரிந்தது. பையனுக்கு நூறு ரூபாய் கையிலும் கொடுத்தேன்.

நாலு கழுவல் தாங்கியது. அப்புறம் பழைய கோடுகள் திரும்பி வந்தன. கூடவே மெஷின் போன தடமெல்லாம் அலை அலையாக வெயிலில் மினுங்கியது. அவர்கள் போட்டதில் எண்ணெய்ப் பசை அதிகம். அது கீறலுக்குள் போய் உட்கார்ந்து கீறலை மறைத்திருக்கிறது. ஷாம்பு பட்டு எண்ணெய் போனதும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பெயர் பாலிஷ். ரப்பிங் காம்பவுண்டும் பாலிஷ், வேக்ஸும் பாலிஷ், டேஷ்போர்டில் தடவுவதும் பாலிஷ். வம்பே அங்கேதான். நிஜமான பாலிஷ் ஒரு தேய்ப்பு வேலை. அதில் கண்ணுக்குத் தெரியாத அரம் இருக்கிறது. கீறலின் கரையைச் சீவிச் சமப்படுத்தும்போது பெயிண்டின் மேல்தோலில் கொஞ்சம் போய்விடும். வேக்ஸ் எதையும் எடுக்காது, மேலே ஒரு படலமாக உட்காரும். முன்னது சவரம் என்றால் பின்னது முகத்துக்குப் போடும் க்ரீம். தினமும் க்ரீம் போடலாம். தினமும் ஐந்து முறை சவரம் செய்தால் என்ன ஆகும்?

எடுப்பதற்கு நம்மிடம் அதிகமும் இல்லை. இரும்புத் தகட்டின் மேல் இருக்கும் எல்லாப் பூச்சையும் சேர்த்தாலே 100 முதல் 150 மைக்ரான். அதில் மேலே இருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் 40, 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70. ஆக நாம் கொஞ்சிக் கொண்டிருக்கும் பளபளப்பு ஒரு முடியைவிட மெல்லியது. ஒவ்வொரு தீபாவளிக்கும் மெஷின் வைத்தால், முதலில் கதவு ஓரமும் பானெட் மடிப்பும் வெளுக்கும். அங்கேதான் பெயிண்ட் ரொம்ப மெலிசு.

சரி, நானே செய்கிறேன் என்று இறங்கினேன். முதல் நாள் செய்தது முழு முட்டாள்தனம். மொட்டை வெயிலில் தெருவில் நிறுத்தி, கார்னாபா வேக்ஸை பரோட்டாவுக்கு எண்ணெய் தடவுவதுபோல் கார் முழுக்க ஒரே மூச்சில் அப்பினேன். பின் கதவுக்கு வருவதற்குள் முன் பானெட்டில் அது கல்லாக இறுகிவிட்டது. துடைக்க மூன்று மணி நேரம். பம்பரின் கறுப்புப் பிளாஸ்டிக்கில் பட்டதெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆனது. பல் துலக்கும் பிரஷும் ஷாம்புத் தண்ணீரும் வைத்து அதை எடுக்க இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

இப்போது செய்வது இது. பேஸ்மென்ட் நிழலில், புறங்கை வைத்தால் தகடு குளிர்ச்சியாக இருக்கும் நேரத்தில். இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் துணி அலச வெறும் தண்ணீர். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், இருக்கிற வேக்ஸையும் அது கழற்றிவிடும். கழுவித் துடைத்த பிறகு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி பெயிண்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழுவழுப்பாக இருந்த இடம் பைக்குள் ரவை கொட்டிய மாதிரி நெருநெருக்கும். என் காரில் நெருநெருத்தது. வேளச்சேரி ரயில் பாதை பக்கத்தில் நிறுத்துகிறேன், இரும்புத் தூள் வந்து ஒட்டி, துருப்பிடித்து, அங்கேயே குடியிருக்கிறது. அதற்குக் கிளே பார், ஒட்டியதைப் பிடுங்கி எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி. நன்றாக ஈரம் விட்டு, அழுத்தாமல் வழுக்க விடவேண்டும். கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்து மறுபடி போடாதீர்கள், குப்பையில் போடுங்கள். நான் ஒருமுறை கஞ்சத்தனம் செய்தேன். வலது முன் கதவில் அதன் கையெழுத்து இன்னும் இருக்கிறது.

பாலிஷை ஒரே ஒரு தடவை, நண்பரிடம் இரவல் வாங்கிய டிஏ (டூயல் ஆக்‌ஷன்) மெஷினில் போட்டேன். அது வெறுமனே சுற்றாமல் ஆடிக்கொண்டே சுற்றும், ஒரே இடத்தில் சூடேற்றாது, பழகாத கைக்கு அதுதான் பத்திரம். பானெட்டில் ஒரு சாண் இடத்தில் முதலில் சோதித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தண்ணீர் கலந்து துடைத்துப் பார்த்தேன். எண்ணெய் போன பிறகும் கோடு இல்லையென்றால்தான் அது போன கீறல், இல்லாவிட்டால் ஒளிந்திருக்கும் கீறல். வாட்டர் வாஷ் கடையில் நான் கேட்டிருக்க வேண்டியது இந்த ஒரு துடைப்பைத்தான்.

கடைசியில் வேக்ஸ். ஒரு கதவுக்குப் பத்து ரூபாய் நாணயம் அளவு போதும். போட்டது கண்ணுக்குத் தெரிவதே அதிகம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். விரலால் ஒரு இழுப்பு இழுத்தால் சுத்தமாக வந்துவிட வேண்டும், அப்போது துடைக்கலாம். ஈஷினால் இன்னும் நேரம் இருக்கிறது.

பத்மினி பையன்:

அப்பாவின் பிரீமியர் பத்மினி, அடர் நீலம். கோவையில் ஷெட் இல்லாமல் பதினைந்து வருடம் வெயில் தின்றது. நீலம் போய் சாம்பல் பூத்து, தொட்டால் கையில் மாவு ஒட்டும்.

நான் பாலிஷ் எடுத்துத் தேய்த்ததும் துணி முழுக்க நீலம். அப்பா பதறிப்போய் "டேய், பெயிண்டையே எடுத்துட்டியேடா" என்று துணியைப் பிடுங்கினார். அவர் சொன்னதும் தப்பில்லை. எங்கள் வண்டிக்கு அடித்திருந்தது கிளியர் கோட் இல்லாத பெயிண்ட், நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சு. வெயிலில் செத்த மேல்பரப்பைத்தான் நான் எடுத்தேன், கீழே உயிரோடு நீலம் இருந்தது. துணியில் நிறம் வந்தால் ஒன்று இந்த மாதிரிப் பழைய பெயிண்ட், இல்லையென்றால் உங்கள் கிளியர் கோட் தீர்ந்துபோய்விட்டது. இரண்டாவது என்றால் உடனே நிறுத்துங்கள்.

மெஷினே வைக்கவில்லை, எல்லாம் கைதான். ஒரு மாதம், சாயங்காலம் ஒரு பக்கம் என்று. மேலே இரண்டு கோட் கார்னாபா. அது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை, நம் பனைக்குத் தூரத்து உறவு. வறட்சியில் ஈரம் போகாமலிருக்க ஓலை மேல் மெழுகு பூத்துக்கொள்ளும். ஓலையை வெட்டிக் காயவைத்து, தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். 82 முதல் 86 டிகிரி வரை உருகாது. சுத்தக் கார்னாபா கல் மாதிரி கெட்டி, யாராலும் தடவ முடியாது. அதனால் டப்பாவில் இருப்பது வேறு மெழுகும் எண்ணெயும் கரைப்பானும் சேர்ந்த கலவை. "நூறு சதம் கார்னாபா" என்று போட்டிருந்தால் சிரித்துவிட்டு விலையைப் பாருங்கள்.

இன்னொன்று. பழைய டாக்ஸி டிரைவர்கள் பளபளக்க டீசல் தொட்டுத் துடைப்பார்கள். அப்பாவும் செய்வார். ஒரு மணி நேரம் ஜோராக இருக்கும், சாயங்காலம் அவிநாசி ரோட்டுத் தூசி மொத்தமும் வண்டி மேல்.

மூன்றாம் கியர்:

என் கதை ஆயுத பூஜை. வெள்ளைக் கார். பானெட்டில் சந்தனம், குங்குமம், மேலே மாலை. தானாக உதிரும் வரை துடைக்கக் கூடாது என்பது பாட்டி உத்தரவு. மறுநாள் மாலையோடு சேலத்திலிருந்து ஓசூர் போனேன். நெடுஞ்சாலையில் தொண்ணூறில் அந்த மாலை ஆடிய ஆட்டம் இருக்கிறதே! பூவெல்லாம் தொப்பூரிலேயே போய்விட்டது, மிச்சமிருந்த நைலான் கயிறு பானெட்டில் வில் வில்லாகக் கோடு போட்டது. குங்குமம் இருந்த இடத்தில் ரோஸ் நிற வட்டம்.

கோடுகள் பாலிஷில் முக்கால்வாசி போயின. வட்டம் வெயிலில் தானே வெளுக்க நாலு மாதம் ஆனது. இப்போது பொட்டு கண்ணாடியில்தான். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

உப்புத்தண்ணி:

எங்கள் போர் தண்ணீரில் குழாயே பூத்துவிடும், கார் எம்மாத்திரம். கழுவிவிட்டு "காற்றில் காயட்டும்" என்று விட்டால் ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளை வளையம். சுண்ணாம்புச் சத்துதான். இதைப் பாலிஷ் போட்டு எடுக்க ஓடாதீர்கள். வெள்ளை வினிகர் பாதி, நல்ல தண்ணீர் பாதி கலந்து துணியில் நனைத்து ஒரு நிமிஷம் போர்த்தி வைத்துத் துடைத்தால் புதுக் கறை போய்விடும். உடனே நல்ல தண்ணீர் விட்டு அலசி, அந்த இடத்துக்கு மறுபடி வேக்ஸ், ஏனென்றால் வினிகர் அதையும் தின்றிருக்கும். மாதக் கணக்கில் வெந்த வளையம் என்றால் வினிகரும் கைவிரிக்கும்.

காக்கா எச்சமும் இதே கதை, இன்னும் அவசரம். யூரிக் அமிலம். வெயிலில் இளகிய பெயிண்டில் அச்சுப் பதிந்துவிடும். நகத்தால் சுரண்டாமல், ஈரத்துணி போட்டு ஐந்து நிமிஷம் ஊறவிட்டு அப்படியே தூக்குங்கள்.

நெய்தல்:

வேக்ஸுக்குப் பதிலாகப் பெயிண்ட் மேல் கெட்டியாக இறுகும் செராமிக் கோட்டிங் போட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று ஒரு கடையில் 24,000 வாங்கினார்கள். "9எச் சார், சாவி வச்சுக் கீறினாலும் விழாது." அந்த 9எச் பென்சில் கடினத்துக்கான அளவு என்று பிற்பாடுதான் தெரிந்தது. பென்சிலுக்குத் தாங்கும், என் மகனின் சைக்கிள் ஹேண்டில்பாருக்குத் தாங்கவில்லை. தண்ணீர் ஓடி விழும் அழகும் கழுவ எளிதாக இருப்பதும் நிஜம், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அடியில் இருந்த கீறலைச் சரிசெய்யாமலே மேலே பூசிவிட்டார்கள். இப்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி பத்திரமாக இருக்கிறது.

முன்பு இதே மாதிரி "டெஃப்லான்" என்று விற்றார்கள். தோசைக்கல்லில் டெஃப்லான் பிடிக்க 327 டிகிரிக்கு மேல் சூடாக்கி உருக்குகிறார்கள். கார் கதவை அப்படிச் சூடாக்கினால் கதவில் பெயிண்டே இருக்காது.

பட்டறை மருமகன்:

மாமனாருக்கு மதுரையில் டிங்கரிங் பெயிண்டிங் பட்டறை. அவர் சார்பில் இரண்டு விஷயம்.

ஒன்று, இடிபட்டு மறுபடி பெயிண்ட் அடித்த பகுதிக்கு உடனே வேக்ஸ் போடாதீர்கள். கம்பெனியில் பெயிண்டை 140 டிகிரி வாக்கில் சுட்டு இறக்குகிறார்கள், புது வண்டிக்கு அன்றே போடலாம். பட்டறையில் சூட்டறை இருந்தாலும் 60 டிகிரிதான், பல இடங்களில் அதுவும் கிடையாது. உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வாரக் கணக்காகும். மாமா இரண்டு மாதம் என்பார். அவசரப்பட்டு மூடி போட்டால் பெயிண்ட் மங்கும்.

இரண்டு, உங்கள் வேக்ஸில் சிலிக்கான் இருந்தால் பெயிண்டரிடம் சொல்லிவிடுங்கள். சரியாகத் துடைக்காமல் அடித்தால் பெயிண்ட் சின்னச் சின்னக் குழியாக விலகி நிற்கும். மீன் கண் என்பார் மாமா. முழுக் கதவையும் மறுபடி தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். அந்த நாளில் வீட்டில் யாரும் அவரிடம் பேசமாட்டோம்.

பத்மினி பையன்:

வேளச்சேரி அண்ணே, எத்தனை நாளுக்கு ஒருமுறை வேக்ஸ்? துடைக்கிற அண்ணனை நிறுத்திவிட்டீர்களா?

வேளச்சேரி கறுப்பு:

கார்னாபா சென்னை வெயிலில் எனக்கு ஆறு வாரம் தாண்டுவதில்லை. மழைக்கு முன், அக்டோபர் தொடக்கத்தில், வேக்ஸின் வேலையையே செய்யும் செயற்கை சீலன்ட் போடுகிறேன். பார்வைக்குக் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும், ஆனால் நாலு மாதம் நிற்கிறது. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் தட்டையாகப் படர ஆரம்பித்தால் மறுபடி போடும் நேரம்.

அண்ணனை நிறுத்த மனசு வரவில்லை, பன்னிரண்டு வருடமாக வருகிறார். தனி வாளியும் இரண்டு மைக்ரோஃபைபர் துணியும் வாங்கிக் கொடுத்து, தூசி இருந்தால் தண்ணீர் ஊற்றாமல் துடைக்க வேண்டாம், தண்ணீர் இல்லாத நாளில் தொடவே வேண்டாம் என்று சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். போன வாரம் சீக்கிரம் எழுந்து கீழே போனேன். என் துணியில் ஒன்று அவருடைய எக்ஸ்எல் வண்டி சீட்டில் அழகாக மடித்து விரித்திருந்தது. கையில் அதே பனியன் வேஸ்ட்.

"அண்ணே, அந்தத் துணி?"

"அது நல்ல துணி சார். அழுக்காயிடும்னு எடுத்து வச்சிருக்கேன்."