வன்தட்டிலிருந்து சீரான இடைவெளியில் ‘டக், டக்’ என்ற ஒலி: என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை வாசகி:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மேசைக்கணினி 2016இல் வாங்கியது. அதில் ஒரு டெராபைட் கொள்ளளவுள்ள 3.5 அங்குல வன்தட்டு இருக்கிறது. கடந்த வாரம் மின்சாரம் இரண்டு முறை நின்று வந்ததிலிருந்து, கணினியை இயக்கியதும் பெட்டிக்குள்ளிருந்து ‘டக், டக்’ என்று ஏழெட்டு முறை கேட்கிறது. பிறகு அடங்கிவிடுகிறது, ஆனால் ஏதேனும் கோப்பைத் திறந்தால் மீண்டும் தொடங்குகிறது. விண்டோஸ் திறப்பதற்கே பத்து நிமிடங்கள் ஆகின்றன.

காலமான என் தந்தையார் தமது ஊர்க் கதைகளைச் சொல்லச் சொல்ல நான் பதிவு செய்த ஒலிக்கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. வேறெங்கும் பிரதி இல்லை. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் விசாரித்தபோது, செக்டிஸ்க் ஓட்டிப் பார்க்கும்படியும், சரிவராவிட்டால் ஃபோர்மட் செய்யும்படியும் கூறினார்கள். உறவினர் ஒருவர், கழற்றி ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்கிறார். ஒலியைக் கொண்டே பழுதை அறிய வழி உண்டா?

கொட்டாஞ்சேனை திருத்துநர்:

சகோதரி, இதை வாசித்ததும் கணினியை நிறுத்திவிடுங்கள். செக்டிஸ்க் கோப்பமைப்பைச் சீர்செய்வதற்காக வன்தட்டில் எழுதுகிற கருவி. வாசிக்கவே திணறும் தட்டில் அதை ஓட்டினால் எஞ்சியிருப்பதும் குழம்பிவிடும். ஃபிரிட்ஜும் வேண்டாம். நம் கொழும்புக் காற்றின் ஈரத்தில், குளிர்ந்த உலோகத்தை வெளியே எடுத்த கணமே அதில் நீர் படியும், பெரும்பாலான வன்தட்டுகளில் காற்றழுத்தம் சமப்படுவதற்கென ஒரு நுண்துளை இருப்பதால் ஈரம் உள்ளேயும் போகும்.

ஒலியைக் கொண்டு பெருமளவு அறியலாம். இயக்கியதும் மெல்ல உயரும் ‘உம்ம்’ என்ற சுழலொலியும், தரவை வாசித்து எழுதும் தலைகள் தம் இருப்பிடத்திலிருந்து புறப்படும்போது எழும் ஒரேயொரு மெல்லிய தட்டலும், கோப்புகளை வாசிக்கையில் கேட்கும் ஒழுங்கற்ற சலசலப்பும் இயல்பானவை. நீங்கள் சொல்வது போல ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் தட்டல் வேறு. தட்டின் மேல் ஏற்கெனவே பதிந்திருக்கும் வழிகாட்டிக் குறிகளைத் தலையால் வாசிக்க முடியாதபோது, அதைத் தாங்கும் கை பின்வாங்கித் தொடக்க இடத்தில் மோதி மீண்டும் முயல்கிறது. அந்த மோதலைத்தான் கேட்கிறீர்கள். உலோகம் உரசும் ஒலி எழுந்தால் அதுவே மிக மோசமானது. தலை தட்டிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது, தட்டோ நிமிடத்துக்கு 7200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்கிறது. ஒருமுறை தொட்டுவிட்டால் ஒவ்வொரு சுழற்சியும் தரவை வழித்துக்கொண்டு போகும்.

ஒன்றை முதலில் உறுதிசெய்யுங்கள். மின் இணைப்பைத் துண்டித்து, வன்தட்டின் இரு வயர்களையும் கழற்றிவிட்டுக் கணினியை இயக்குங்கள். அப்போதும் ஒலி கேட்டால், விசிறி இதழில் ஏதோ வயர் உரசுகிறது என்று பொருள்.

தெஹிவளை மின்னியலாளர்:

திருத்துநர் ஐயா சொன்னதோடு மின்வழங்கியையும் (பவர் சப்ளை) பாருங்கள். மின்சாரம் நின்று வந்த பிறகு தொடங்கியது என்பதால் சொல்கிறேன்: சுழலத் தொடங்கும் கணத்தில்தான் வன்தட்டு 12 வோல்ட் வழியில் அதிக மின்னோட்டத்தைக் கேட்கிறது, பழைய மின்வழங்கி அங்கே தளர்ந்தால், பழுதற்ற வன்தட்டும் இதே போல ஒலிக்கும். எனது வெளிவன்தட்டு ஒன்று இப்படித்தான் தட்டி என்னைப் பயமுறுத்தியது. யூ.எஸ்.பி 2.0 செருகியில் 500 மில்லியம்பியர் மட்டுமே நியமம், 3.0 செருகியில் 900. செருகியை மாற்றியதும் ஒலி நின்றது.

வெள்ளவத்தை வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. வயர்களைக் கழற்றியதும் ஒலி இல்லை. ஆகவே விசிறி அல்ல. தம்பியின் கணினியிலிருந்து மின்வழங்கியைக் கொணர்ந்து பொருத்தினோம். தொடக்கத் தட்டல் நின்றுவிட்டது, ஆயினும் பதிவுகள் உள்ள கோப்புறையைத் திறந்தால் மீண்டும் கேட்கிறது. பென் டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கி, வன்தட்டு தன் நலத்தைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தோம். 197ஆம் வரிசையில் 48 என்று இருக்கிறது. நேற்று விண்டோஸில் அதே அறிக்கையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ செயலி 30 என்றுதான் காட்டியது. ஒரே இரவில் இவ்வளவு மோசமாகிவிட்டதா?

கொட்டாஞ்சேனை திருத்துநர்:

மோசமாகவில்லை, இரண்டும் ஒரே எண். அந்தச் செயலி மூல மதிப்புகளைப் பதினாறடிமான எண்களில் காட்டும். அதில் 30 என்றால் மூன்று பதினாறுகள், நமது கணக்கில் 48. நாற்பத்தெட்டுப் பகுதிகளை வாசிக்க முடியாமல் தட்டு அவற்றை நிலுவையில் வைத்திருக்கிறது. தரவு கடத்தலில் நேரும் பிழைகளை எண்ணும் 199ஆம் வரிசை ஏறியிருந்தால் தரவு வயரைச் சந்தேகித்திருப்பேன்.

தலைகள் இன்னும் வாசிப்பதால் உங்களுக்கு வழி இருக்கிறது. இரண்டு டெராபைட் வன்தட்டு ஒன்றை வாங்கி, லினக்ஸிலேயே, பழுதான தட்டிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்கியூ என்ற கருவி கொண்டு முழுத் தட்டையும் அதில் ஒரு பிம்பக் கோப்பாக, அதாவது உள்ளதை உள்ளபடியே கொண்ட ஒரே கோப்பாகப் பிரதி எடுங்கள். எது மூலம், எது புதியது என்பதைக் கட்டளையை ஏவுமுன் இருமுறை சரிபாருங்கள். மாறிவிட்டால் எல்லாம் போய்விடும். இக்கருவி எளிதில் வாசிக்கக்கூடியவற்றை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பும். எதை எடுத்தது என்பதை வரைபடக் கோப்பில் குறித்துவைப்பதால், இடையில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நலமான ஒரு டெராபைட் தட்டுக்கு ஏறக்குறைய மூன்று மணிநேரம் போதும், உங்களுடையதற்கு ஒரு நாள்கூட ஆகலாம். மின்சாரம் நின்றாலும் கணினியைச் சற்றுநேரம் இயக்கும் யூ.பி.எஸ் இல்லாமல் தொடங்காதீர்கள். உரசல் ஒலி எழுந்தால் உடனே நிறுத்திவிட்டு, தூசியற்ற அறையில் தட்டைத் திறக்கும் வசதியுள்ள மீட்பு நிலையத்தை நாடுங்கள்.

வெள்ளவத்தை வாசகி:

பதினாறு மணிநேரத்தில் முடிந்தது, ஐயா. எல்லாப் பதிவுகளும் பிம்பத்திலிருந்து திறக்கின்றன. ஒன்றில் மட்டும் இடையே சில நொடிகள் இல்லை. அந்தப் பழைய வன்தட்டை இனி இயக்கமாட்டேன். பதிவுகளின் இரண்டாவது பிரதியைத் தம்பியின் வீட்டில் வைத்திருக்கிறேன்.